வீடு பார்க்கும் படலம்

தாம்பரம் வட்டாரத்தில் பழைய வீடு ஒன்று விற்பனைக்கு வந்தால் அதற்கு ஒரே நேரத்தில் நான்கு விலைகள் இருக்கும். விற்பவர் வாயால் சொல்வது ஒன்று. வங்கியின் மதிப்பீட்டாளர் எழுதிக் கொடுப்பது ஒன்று. பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு ஒன்று. யாரும் கேட்காமலே பக்கத்து வீட்டுக்காரர் முடிவு செய்து வைத்திருப்பது இன்னொன்று. நான்கும் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆனாலும் எதையும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவரவர் அவரவர் காரியத்துக்காக அளக்கிறார்கள். கடன் திரும்பாமல் போனால் ஏலத்தில் என்ன தேறும் என்று வங்கி அளக்கிறது. முத்திரைத் தீர்வை எவ்வளவு வரும் என்று அரசு அளக்கிறது. தம் வீடு என்ன விலை போகும் என்று பக்கத்து வீட்டுக்காரர் அளக்கிறார். விற்பவரோ, அடுத்து வாங்கப்போகும் வீட்டின் விலையைத்தான் இந்த வீட்டின் விலையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அளவுகோல் இல்லாமல் நிற்பவர் வாங்குபவர் ஒருவரே. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீடு வாங்குவோர் தம் கைக்காசில் ஓர் ஆய்வாளரை அமர்த்தி, கூரை முதல் கழிவுநீர்க் குழாய் வரை பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்குகிறார்கள். சென்னையிலும் புதிய அடுக்குமாடிகளுக்கு அப்படிப்பட்ட நிறுவனங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் சேலையூரில் இருபது வருடத்துப் பழைய தனி வீட்டைப் பார்க்கக் கிளம்பும் குடும்பம் கூட்டிக்கொண்டு போவது பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பெரியப்பாவைத்தான். பெரியப்பா வேலை பார்த்தது கணக்குப் பிரிவில் என்பதை அந்தச் சமயத்தில் யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

முதலில் விளம்பரம். தென்சென்னைப் புறநகரின் வீட்டு விளம்பரங்களில் தூரம் கிலோமீட்டரில் வராது, நிமிடத்தில்தான் வரும். "தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து 10 நிமிடம்" என்றால் எந்த மணிக்கு, எந்த வாகனத்தில், ஜிஎஸ்டி சாலையின் எந்தப் பக்கத்திலிருந்து என்பதெல்லாம் வாசகரின் கற்பனைக்கு விடப்படும். கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேற்குத் தாம்பரத்துக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, படப்பை, இன்னும் தள்ளியுள்ள மனைகள்கூட முனையத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு வரப்போகிற மெட்ரோ ரயிலில் தரகர்கள் பல வருடங்களாகவே பயணம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

விலையும் அப்படித்தான், பட்டென்று வராது. "ஓனர் ஒண்ணு அஞ்சு சொல்றாரு சார். உக்காந்து பேசினா குறையும்" என்பார் தரகர். ஒண்ணு அஞ்சு என்றால் ஒரு கோடியே ஐந்து லட்சம். நின்றபடி பேசினால் குறையாது என்பது இந்தத் தொழிலின் மாறாத விதி. ஏன் விற்கிறார்கள் என்று கேட்டால், "பையன் அமெரிக்காவுல செட்டில் ஆயிட்டான்." மாடம்பாக்கத்திலிருந்து பொழிச்சலூர் வரை சுவரில் ஓதம் ஏறியதற்காக வீட்டை விற்றவர் ஒருவர்கூடக் கிடையாது.

அடுத்து குடும்பத்தின் பார்வையிடல். சந்தையில் கால் கிலோ வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவர்கள், தொண்ணூற்றைந்து லட்சம் கொடுக்கப்போகிற வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஒதுக்குவார்கள். அதிலும் பாதி காபியில் போய்விடும். ஆளுக்கொரு கவலை. மனைவி சமையலறையைப் பார்ப்பார். மாமியார் பூஜை அறை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு, "இந்த வீட்ல இருந்தவங்க நல்லா இருக்காங்களா?" என்று தாழ்ந்த குரலில் தரகரை விசாரிப்பார். மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்து சிக்னல் தேடுவான். வீட்டுத் தலைவர் மொட்டை மாடிக்கு ஏறி, இடுப்பில் கை வைத்து நாலாபுறமும் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது" என்று அறிவிப்பார். பல்லாயிரம் வீடுகள் காற்றின் பேரில்தான் விலைபோயிருக்கின்றன. பம்மல், பொழிச்சலூர் பக்கம் மாடியேறியவர்களுக்கு விமானமும் தெரியும். அது தலைக்கு மேல் போய்முடியும்வரை தரகர் பேச்சை நிறுத்திப் புன்னகையோடு நிற்பார்.

வாஸ்து நிபுணர் இதில் தனி அதிகாரி. தெற்கு வாசல், தெருக்குத்து, ஈசான்ய மூலையில் கழிப்பறை, அக்னி மூலையில் இல்லாத அடுப்பு என்று அவர் சொல்லும் குறை ஒவ்வொன்றுக்கும் பேரத்தில் ஒரு தொகை உண்டு. வாஸ்துவில் நம்பிக்கை இல்லாதவர்களும் விலை பேசும் நேரத்தில் மட்டும் பக்திமான்கள் ஆகிவிடுவதைப் பார்க்கலாம். தெற்குப் பார்த்த வீட்டை இப்படிக் குறைத்து வாங்கியவர், தாம் விற்கும்போது "சார், தெக்குலதான் காத்து" என்பார். சென்னையின் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருவதால் இரண்டாவது பேச்சில்தான் பூகோளம் அதிகம்.

இப்போது பெரியப்பாவின் ஆய்வு. அவர் சுவரை முட்டியால் தட்டி, ஜன்னல் கம்பியை ஆட்டி, "அந்தக் காலத்து ஆத்து மணல் கட்டடம், ஸ்ட்ராங்கா இருக்கு" என்று தீர்ப்பளிப்பார். இதைவிட அந்தத் தெருவில் வேலை செய்யும் மேஸ்திரி ஒருவருக்கு ஒருநாள் கூலி கொடுத்துக் கூட்டிப்போனால் வேலை நடக்கும். மேஸ்திரி மாடிக்குப் போனால் காற்று வாங்க மாட்டார். தளத்தின் ஓடு எங்கே பிடிப்பு விட்டிருக்கிறது என்று காலால் தட்டிக்கொண்டே நடப்பார். கீழே வந்து கூரையின் அடிப்பக்கத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார். குளியலறைக்கு மறுபக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தடவுவார். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடச் சொல்லுவார். விரிசல் சாய்வாகப் போகிறதா, பூச்சோடு நிற்கிறதா என்று பார்த்து, பூச்சு விரிசலுக்குத் தோளைக் குலுக்கிவிட்டு, சாய்வு விரிசலுக்கு வாயைத் திறக்காமல் வாங்குபவரை வெளியே கூப்பிடுவார்.

விற்பவரும் சும்மா இருக்க மாட்டார். வீடு பார்க்க ஆள் வருகிறது என்றால் ஒரு கோட்டிங் பெயின்ட் அடித்தாகிவிடும். ஓதம் பிடித்த இடத்துக்கு முன்னால் பீரோ வந்து நிற்கும். விரிசலின் மேல் முருகன் காலண்டர் தொங்கும். காலண்டருக்கு மேலும் விரிசல் போனால் குடும்பப் புகைப்படம். கல்யாணமான புதிதில் எடுத்த படத்தைக் கூரைக்கு அரை அடி கீழே மாட்டியிருக்கும் வீட்டில் அந்தப் படத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பது நல்லது. வாங்க வந்தவர் சாமி படத்தைத் தூக்கிப் பார்ப்பது மரியாதையாக இருக்காது என்பது விற்பவருக்குத் தெரியும். அதனால்தான் பெரிய விரிசல்கள் பெரும்பாலும் பூஜை அறையில் இருக்கின்றன.

தண்ணீருக்கு வருவோம். இந்த வட்டாரத்தில் வீட்டின் பாதி விலை இதில்தான். தண்ணீருக்கும் இரண்டு கணக்கு: தேவைப்படும்போது வருமா, தேவையில்லாதபோது வராமல் இருக்குமா.

முதல் கணக்கில், "போர் தண்ணி தேனா இருக்கும்" என்று எல்லா விற்பவர்களும் சொல்வார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் வீட்டுச் சமையலறை மூலையில் இருபது லிட்டர் கேன் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். வந்தவர்களுக்குக் கொடுத்த காபியும் அதில் போட்டதுதான். குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவுதான் இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தால் விற்பவர் முகம் மாறும். மீட்டர் இல்லாதவர்கள் குளியலறைக் குழாயையும் பக்கெட்டையும் பார்த்தால் போதும். வெள்ளைப் படலம் எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகப் பேசும்.

இரண்டாவது கணக்கு மழை. 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கமிருந்து வரும் அடையாறு வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் போகிறது. அந்த வாரம் அது போகாமல் அங்கேயே தங்கியது. மக்களைப் படகில் மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வெள்ளம் வந்தது. இருந்தும் வீடு விற்கும் எவரைக் கேட்டாலும், "எங்க தெருவுல ஒரு சொட்டு நிக்காது சார், பக்கத்துத் தெருவுலதான்" என்பார். பக்கத்துத் தெருவில் கேட்டால் அவர்கள் இந்தத் தெருவைக் காட்டுவார்கள். இப்படித் தேடிக்கொண்டே போனால் தாம்பரத்தில் வெள்ளம் வந்த தெரு ஒன்றும் மிச்சமிருக்காது.

உண்மையைத் தெரிந்துகொள்ள வழிகள் இல்லாமலில்லை. தெருமுனை இஸ்திரிக்காரரும் மளிகைக்கடை அண்ணாச்சியும் ஆட்டோ ஸ்டாண்டும் எதையும் விற்கவில்லை என்பதால் நிஜம் சொல்வார்கள். வீடும் சாடைகாட்டும். பிளக் பாயின்ட்டுகள் மார்பு உயரத்தில் இருந்தால், ஃபிரிட்ஜ் செங்கல்மேல் நின்றால், மின் மீட்டர் பெட்டி எட்டாத உயரத்துக்கு இடம்பெயர்ந்திருந்தால், அந்த வீட்டுக்கு நீச்சல் தெரியும். சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம், பீர்க்கன்கரணை, இரும்புலியூர் என்று எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் கூடவே ஓர் ஏரி உண்டு. ஏரிக்கரைத் தெருவில் வீடு பார்த்துவிட்டு ஏரி எங்கே என்று கேட்பவருக்கு, "நிக்கிறீங்களே" என்று பதில் சொல்ல யாரும் முன்வர மாட்டார்கள். ஒரே யோசனைதான்: மே மாதத்தில் பிடித்துப்போன வீட்டை டிசம்பரில் ஒருமுறை பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது. தரகர் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார். "அதுக்குள்ள வேற பார்ட்டி தூக்கிடுவாங்க" என்பார்.

தெருவின் உயரம் வேறு இருக்கிறது. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் சாலை கொஞ்சம் உயர, கட்டும்போது மூன்று படி ஏறிப் போன வீடு, இப்போது இரண்டு படி இறங்கிப் போகும் வீடாகியிருக்கும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே உத்தரவிட்டார். அதற்குள் தாழ்ந்துபோன வீடுகளுக்கு ஜாக்கி வைத்து, வீட்டையே அப்படியே மூன்று நான்கு அடி தூக்கிவிடும் தொழில் இங்கே வந்துவிட்டது. ஹரியானாவிலிருந்து வரும் ஆட்கள் செய்கிறார்கள். தூக்கிய வீட்டுக்கு விலையும் தூக்கும். தூக்கியது எப்போது, யார், அடியில் என்ன கட்டினார்கள் என்று கேட்டு, படம் இருந்தால் பார்ப்பது அவசியம்.

வீடு பிடித்துப்போன பிறகுதான் காகிதத்தைப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. முறை இதற்கு நேர் தலைகீழாக இருக்க வேண்டும். ஆனால் கொத்துச் சாவியைக் கையில் வாங்கிப் பார்த்த மனைவியிடம் மூலப்பத்திரத்தில் சந்தேகம் என்று சொல்லும் தைரியம் எந்தக் கணவருக்கும் வராது. அந்த வேலைக்காகவே வக்கீல் இருக்கிறார். அவர் முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம், பட்டா, புலப்படம், அங்கீகரித்த வரைபடம், வரி ரசீது, வாரிசுச் சான்று எல்லாம் கேட்பார். கொடுத்த பிறகு, கொடுக்காத ஒன்றைக் கேட்பார்.

தாம்பரத்தில் இந்தக் காகிதங்களுக்குத் தனிச் சுவை உண்டு. வீடு ஓர் அங்குலமும் நகர்ந்திருக்காது. பத்திரங்களில் அது ஊர் ஊராகச் சுற்றியிருக்கும். பழைய பத்திரம் சைதாப்பேட்டை தாலுகா என்று சொல்லும். அடுத்தது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். 1997க்குப் பிறகு காஞ்சிபுரம் மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து செங்கல்பட்டு மாவட்டம். வரி ரசீது பேரூராட்சியின் பெயரில் இருக்கும். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியதிலிருந்து அந்தப் பேரூராட்சியே இல்லை. இவையெல்லாம் ஒரே வீடுதான் என்று நிரூபிப்பது வக்கீலுக்கு ஒரு வாரச் சம்பளம். அதற்குமேல் விற்பவரின் அப்பா ஒரு பத்திரத்தில் கோவிந்தராஜ், இன்னொன்றில் கோவிந்தராஜன், பட்டாவில் கோவிந்தராஜுலு. மூவரும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் தயாராகும்.

அப்பா சொத்து என்றால் அக்கா தங்கைகள் கையெழுத்து வேண்டும். பூர்விகச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்பால் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது; இந்தியா முழுவதற்கும் அது 2005இல் வந்தது. "அவங்களுக்கு நகை போட்டுக் கல்யாணம் பண்ணியாச்சு" என்ற வாதத்தை வக்கீல் குறித்துக்கொள்வதுகூடக் கிடையாது. மூத்த அக்கா நியூஜெர்சியில் இருப்பார். பத்து வருடமாகத் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர், இப்போது தினமும் வீடியோவில் வருவார்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது அடுத்த கேள்வி. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட வரைபடத்தையே அங்கீகாரம் என்று ஒரு காலத்தில் விற்றார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை போட்டபோதுதான் புறநகரில் பலருக்குத் தாங்கள் எந்த மாதிரி நிலத்தில் குடியிருக்கிறோம் என்று தெரிந்தது. 2017இல் வரன்முறைத் திட்டம் வந்து, கட்டணம் கட்டியவர்கள் கரையேறினார்கள். கட்டாமல் விட்டவர்களின் வீடுகள்தான் சந்தையில் "ஸ்லைட்லி நெகோஷியபிள்" என்று வருபவை. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால் போன்றவற்றில் நெகோஷியபிள் என்ற பேச்சே கிடையாது. அங்கே வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டும்.

கடைசியில் வக்கீல் தரும் சட்டக் கருத்து பதினெட்டுப் பக்கம் இருக்கும். பதினேழு பக்கம் படித்தவுடன் வீட்டை வாங்கவே கூடாது என்று தோன்றும். பதினெட்டாவது பக்கத்தில், கீழ்க்கண்ட ஆவணங்கள் கிடைக்கும்பட்சத்தில் தெளிவான உரிமை உண்டு என்று முடித்திருப்பார்.

இதற்கிடையே நிலத்தை அளக்க வேண்டும். பத்திரத்தில் முப்பதுக்கு நாற்பது, ஆயிரத்து இருநூறு சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட். டேப் பிடித்தால் இருபத்தொன்பதரை வரும். அந்த அரை அடி பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கிறது என்பது தெருவுக்கே தெரியும். டேப்பை விரித்ததும் பக்கத்து வீட்டுக்காரர் பல் துலக்கியபடி வெளியே வந்து, "என்ன சார், வாங்குறீங்களா? எவ்வளவு சொல்றான்?" என்பார். தொகையைக் கேட்டதும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை மட்டும் வைத்து இரண்டு லட்சம் குறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பேரம் தொண்ணூற்றைந்து லட்சத்தில் முடிந்து ஒப்பந்தமும் போட்டாயிற்று. இனி வங்கியின் மதிப்பீட்டாளர் வருவார். பெரியப்பா இரண்டு மணி நேரம் பார்த்த வீட்டை அவர் இருபது நிமிடத்தில் முடிப்பார். லேசர் கருவியால் சுவர்களை அளப்பார், நான்கு எல்லைகளையும் சரிபார்ப்பார், வீட்டின் முன் ஒருவரை நிற்கவைத்து ஜிபிஎஸ் முத்திரையோடு படம் எடுப்பார். பர்மா தேக்குக் கதவைத் தடவிக்காட்டினால் "ம்" என்பார். அவர் கணக்கில் நிலம் மட்டுமே வளரும். கட்டடம் கட்டிய நாளிலிருந்து தேய்ந்துகொண்டே இருக்கும்.

உதாரணமாக நிலம் சதுர அடி 6,000 ரூபாய் என்று அவர் விசாரித்து முடிவு செய்தால் 1,200 சதுர அடிக்கு 72 லட்சம். கட்டடம் 1,000 சதுர அடி. இன்று புதிதாகக் கட்ட 2,200 ரூபாய் வீதம் 22 லட்சம். கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. அப்படிப் பார்த்தால் இருபது வயதான வீட்டுக்கு 30 சதவீதம் தேய்மானம். கட்டடம் 15.40 லட்சத்துக்கு இறங்கும்; மொத்தம் 87.40 லட்சம். அதன் கீழேயே, விற்றால் கைக்கு வரும் விலை என்று அதில் 90 சதவீதமும், அவசரத்துக்கு விற்றால் என்று 80 சதவீதமும் எழுதுவது உண்டு. மீதமுள்ள ஆயுள் 40 ஆண்டு, முறையாகப் பராமரித்தால், என்று ஒரு வரியும் இருக்கும். வாங்குபவரின் கடன் இருபது வருடம் ஓடும். வீடு அவரைவிடத் திடமாக இருப்பதாக வங்கிக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரியும்.

ஒப்பந்த விலை, மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதன்மேல்தான் கடன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு உச்சவரம்பு மதிப்பில் 80 சதவீதம். ஆகவே 69.92 லட்சம். மீதி 25.08 லட்சம் கைக்காசு. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்ந்து 8.55 லட்சம். இதுவும் கைக்காசு. தரகருக்கு ஒரு சதவீதம். அதை அவர் காபி சாப்பிட்ட அன்றே மனத்தில் வரவு வைத்துவிட்டார். மதிப்பீட்டாளரின் அறிக்கையைப் படித்துவிட்டு விற்பவர், "அந்தாளுக்கு ஏரியா தெரியல" என்பார். வாங்குபவரோ, தாம் ஏழரை லட்சம் கூடக் கொடுக்கிறோம் என்ற ஒரு நடுநிலையான சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதை மறைக்கப் பார்ப்பார். திரும்பப் பேரம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடைக்காது. ஆனால் முன்பணம் கொடுத்துவிட்டார், மாமியார் கிரகப்பிரவேசத்துக்கு நாளும் பார்த்துவிட்டார்.

அரசின் மதிப்புக்கு வந்தால் இதுவரை உயரமாகப் பேசியவர்கள் எல்லாரும் குனிவார்கள். வழிகாட்டி மதிப்பு தெருவாரியாக இணையத்தில் கிடைக்கிறது. 2017 ஜூனில் 33 சதவீதம் குறைத்தார்கள், கூடவே பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 சதவீதமாக்கினார்கள். 2023இல் மதிப்பை ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக்கினார்கள். 2024 ஜூலையில் மறுபடி திருத்தினார்கள். இந்த மதிப்பு சந்தை விலைக்குக் கீழே இருக்கும் தெருவில் விற்பவர், பத்திரத்தில் குறைத்துப் போட்டுக்கொண்டு மீதியை "கையில" கொடுங்கள் என்பார். வாங்குபவருக்கோ கடன் வேண்டும், கடனுக்குப் பத்திரத்தில் முழுத்தொகை வேண்டும். ஆக, வாழ்நாளெல்லாம் வரியைத் திட்டிய ஒருவர் முழு வரி கட்டியே தீருவேன் என்று அடம்பிடிக்கும் அபூர்வக் காட்சியை வீட்டுக்கடன் உண்டாக்குகிறது. கையில வாங்குவதில் வேறு சங்கடமும் இருக்கிறது. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவு அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. விலை 50 லட்சமோ மேலோ என்றால் வாங்குபவர் ஒரு சதவீதம் வரி பிடித்துக் கட்டவும் வேண்டும். "என் காசுல நீங்க எப்படிப் புடிப்பீங்க?" என்று விற்பவர் கேட்பார், பான் எண்ணைக் கொடுத்தால் அவர் கணக்கில் ஏறிவிடும் என்று ஆடிட்டர் சொல்லிப் புரியவைப்பார்.

பதிவுத் துறைக்கும் கண் உண்டு. விளம்பரத்தில் "லக்சுரி" ஆக இருந்த வீடு பத்திரத்தின் கட்டட விவரப் படிவத்தில் பழைய ஷீட் கூரையாகச் சுருங்குவது இங்கே பழைய கலை. காலி மனை என்றே பதிவான மாடி வீடுகளும் உண்டு. அதற்காகத்தான் 2023 அக்டோபரிலிருந்து இடத்தின் ஆள்கூறுகளோடு கூடிய புகைப்படத்தைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்கிறார்கள். மதிப்பு குறைவு என்று சார் பதிவாளருக்குத் தோன்றினால் முத்திரைச் சட்டம் 47ஏ பிரிவில் மேலே அனுப்பிவிடுவார். பத்திரம் கைக்கு வராது. பதிவு நாளைப் பொறுத்தவரை துறையே பஞ்சாங்கம் பார்க்கிறது. சுபமுகூர்த்த நாட்களில் சார் பதிவாளர் அலுவலகங்களுக்கு 100க்குப் பதில் 150 டோக்கன் என்று அறிவிப்பு வரும். ஆடியில் கூட்டமில்லாமல் சுகமாக முடிக்கலாம். அந்தச் சுகத்தை அனுபவிக்க எந்த மாமியாரும் விட மாட்டார்.

பதிவு முடிந்தால் பெயர் மாற்றங்கள். பட்டா மாறுதல் விண்ணப்பம் பதிவோடு சேர்ந்தே போய்விடும். உட்பிரிவு இருந்தால் நில அளவர் வர வேண்டும், அவருக்காகக் காத்திருப்பது தனி வாழ்க்கை. மின் இணைப்பு பல வீடுகளில் இரண்டு உரிமையாளர்களுக்கு முந்தைய, காலமாகிவிட்ட ஒருவரின் பெயரிலேயே பில் கட்டிக்கொண்டிருக்கும். 2023இல் மின்வாரியம் பெயர் மாற்றத்துக்கென்றே சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது.

சொத்து வரி கடைசி. 2022இல் வரியை உயர்த்தியபோது சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று வைத்தார்கள். அன்றிலிருந்து தாம்பரத்தில் 1,190 சதுர அடி வீடுகள் பெருகிவிட்டன. பெயர் மாற்றத்துக்கு வரும் மாநகராட்சி ஊழியர் டேப்பை விரித்தால், மாடியில் ஷீட் போட்ட அறை வீடே இல்லை, துணி காயப்போடும் இடம் என்று புதிய உரிமையாளர் விளக்குவார். போன மாதம் அந்த அறைக்கும் சேர்த்துத்தான் அவர் விலை கொடுத்தார். அதில் வாடகைக்கு இருப்பவர் அப்போது துணி காயப்போட்டுக்கொண்டிருந்தால் எல்லாருக்கும் சௌகரியம்.